விழுகிற நேரம்

தாளம் சரியான இடத்தில்தான் விழுந்தது. எபிதான் இன்னும் விழவில்லை.

சல்மான் ஃபாரிஸ் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான். பிறகு மறுபடியும் மாட்டிக்கொண்டு அந்தத் துண்டை ஆரம்பத்திலிருந்து ஓட்டினான். களக்காட்டுக்குப் போகிற வழியில், வேலை நின்றுபோய் மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடக்கும் கல்குவாரி. சுவர்போல அறுத்துவிட்ட பாறையின் விளிம்பில் எபி நிற்கிறான். கைகளை விரிக்கிறான். குதிக்கிறான். இதே பாறையிலிருந்து அவன் குதிப்பதை இதே நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ முறை வெட்டி ஒட்டியிருக்கிறான் சல்மான். கால் பாறையை விட்டு எழும்பும் இடத்தில் ஒரு அடி, தண்ணீர் உடைகிற இடத்தில் அடுத்த அடி. பாட்டு எதுவானாலும் கண்ணை மூடிக்கொண்டு பொருத்திவிடுவான். இன்றைக்கு இரண்டாவது அடி விழுந்தபோது எபி பாறையின் நடு உயரத்தில், சட்டை படபடக்க, காற்றில் இருந்தான். தண்ணீர் அதற்குப் பிறகுதான் உடைந்தது.

மெமரி கார்டு மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது. புதிதாக வாங்கிய கார்டு, கடைக்காரன் சொன்னதை நம்பி வாங்கியது. பிறகு கேமராவின் செட்டிங். பிறகு கம்ப்யூட்டர். மேலப்பாளையத்து வெயில் மாடி அறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைச் சுட்டுக்கொண்டிருந்தது. ஃபேன் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்பியது. பக்கத்து வீட்டில் பீடி இலை வெட்டும் கத்தரியின் சத்தம் கிரிச் கிரிச்சென்று நிற்காமல் வந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் வைத்திருந்த இரண்டாவது கேமராவின் படத்தையும் இறக்கிப் பார்த்தான். அது வேறு கம்பெனி, வேறு கார்டு. அதிலும் எபி தாமதமாகத்தான் விழுந்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் வீடியோ சேனலில் ஏற்றியே ஆகவேண்டும். நடுவில் கொஞ்சம் நறுக்கி எடுத்துவிட்டு, தாளத்தோடு பொருத்தி, ஏற்றிவிட்டான்.

கமெண்ட் எழுதுகிறவர்களுக்குக் கழுகுக்கண். 'நடுவுல கட் இருக்கு', 'குதிச்சது பொம்மை', 'பாதியில வலை கட்டியிருக்காங்க'. அடுத்த வாரக் குதியில் ஒரு இடத்தில்கூடக் கைவைக்காமல் முழுசாக ஏற்றினான். அந்த முறை தாமதம் கூடியிருந்தது. 'ஸ்லோ மோஷன் போட்டு ஏமாத்துதான்' என்று ஒருவன் எழுத, அதன் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. சல்மான் ஒவ்வொருவனுக்கும் பதில் எழுதினான். எழுத எழுத அதையே பிடித்துக்கொண்டு இன்னும் சிரித்தார்கள்.

அவன் இந்தத் தொழிலுக்கு வந்த கதை ஒன்றும் பெரிதில்லை. மனைவி ரைஹானத்தின் அண்ணன் ஷமீமோடு சேர்ந்து கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். மாப்பிள்ளை மாலையோடு இறங்குவதையும், பந்தியில் பிரியாணிச் சட்டி திறப்பதையும் எடுத்து எடுத்துக் கை மரத்துப்போனபோது, தாமிரபரணித் தடுப்பணையில் சைக்கிளோடு பாய்ந்த பையன்களை ஒருநாள் சும்மா எடுத்துப்போட்டான். அதை ஊரே பார்த்தது. அப்புறம் மலைச்சரிவில் சைக்கிள் விடுகிறவர்கள், பாறை ஏறுகிறவர்கள் என்று தேடித் தேடி எடுத்தான். கடைசியில் எபி வந்தான். சாத்தான்குளத்துப் பக்கம் சொந்த ஊர், பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல்குளத்தில் பயிற்சி கொடுக்கிற வேலை, உயரத்தைக் கண்டால் சிரிப்பு. எபி வந்தபிறகு சேனல் நிமிர்ந்தது. ஆனால் பேட்டி என்றால் எபியைத்தான் கூப்பிட்டார்கள். கையெழுத்து எபியிடம்தான் கேட்டார்கள். அந்தப் பாறையில் வயிற்றால் ஊர்ந்து, கேமராவைக் கையில் பிடித்தபடி பாதி உடம்பு வெளியே தொங்க எடுத்தவன் யார் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

ஷூ கம்பெனியிலிருந்து கணேஷ்ராம் போன் செய்தார். பாளையங்கோட்டைக்காரர்தான், இப்போது சென்னையில் இருக்கிறார். வருஷம் முழுக்க சேனலோடு சேர்ந்து வேலை செய்வதாகப் பேசி, ஒப்பந்தம் வரை வந்திருந்தது.

"சல்மான், எனக்கு உங்க மேல ஒண்ணும் சந்தேகம் இல்ல. ஆனா மேல உள்ளவங்க கமெண்ட்டையெல்லாம் படிக்காங்க. பொய்னு பேராயிட்டுன்னா எங்க பேரும் சேந்து போகும்லா."

"அண்ணாச்சி, நான் ஒண்ணுமே செய்யலை. கேமராவுல இருந்து எடுத்து அப்படியேதான் போட்டிருக்கேன்."

"அப்ப அதை நிரூபிச்சுட்டு வாங்க. பைய பேசிக்கிடலாம்."

பைய. அவசரமில்லையாம். சல்மான் போனைக் கட்டிலில் எறிந்தான்.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு டீ கொண்டுவந்த ரைஹானத், திரையில் நிறுத்தி வைத்திருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள்.

"மச்சான், இந்தப் பிள்ளை எதுக்கு இப்படி முழிக்கு?"

"விழும்போது எல்லாரும் அப்படித்தான் முழிப்பாங்க."

"தண்ணிய பாக்கலையே. உங்களைல்லா பாக்கு."

அவள் போனபிறகு படத்தைப் பெரிதாக்கினான். எபி எப்போதும் கீழே பார்த்துத்தான் விழுவான். கடைசி நொடியில் உடம்பைச் செங்குத்தாக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் சிமெண்டுத் தரைமாதிரி அறைந்துவிடும் என்று அவனே சொல்வான். இதில் கழுத்தைத் திருப்பி, மேலே, விளிம்பில் படுத்திருந்த சல்மானின் கேமராவைப் பார்த்தான். வாய் அசைந்தது. ஒலியைக் கூட்டினான். காற்று. மீண்டும் கூட்டினான். காற்றுதான். ஆனால் உதடுகள் ஒட்டிப் பிரிந்த விதம் அவனுக்குத் தெரிந்த ஒன்றாக இருந்தது. எபி அவனைக் கூப்பிடுகிற பெயர்.

பாய்.

கல்லோடு குதிக்கலாம் என்பது சல்மானின் யோசனை. தேங்காய் அளவுக் கல் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு எபி குதிக்க வேண்டும். பாறையை விட்டுக் கிளம்பியதும் விட்டுவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து விழுவதை ஒரே படத்தில் காட்டினால் எவனும் வாய் திறக்க முடியாது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது எபி வழக்கமாகப் பாடுவான். அன்றைக்குப் பாடவில்லை. குவாரியில் சீமைக்கருவேலம் பூத்திருந்தது. வெயிலில் காய்ந்த கல்தூசியின் வாடையும், அசையாத தண்ணீரின் பாசி வாடையும் கலந்து மூக்கில் ஏறின. சல்மான் கேமராக்களை ஸ்டாண்டில் நிறுத்தினான். முதல்முறையாகத் திரையைப் பார்க்காமல் வெறும் கண்ணால் பார்க்க நினைத்து விளிம்புக்கு வந்து படுத்தான்.

எபி குதித்தான். கல்லை விட்டான்.

கல் முன்னால் போயிற்று. தண்ணீரில் விழுந்தது. டமாரென்ற சத்தம் மூன்று பக்கப் பாறையிலும் மோதித் திரும்பி வந்தது. அலைவட்டம் ஒன்று விரிந்து, அதற்குள் இன்னொன்று விரிந்து, வெளி வட்டம் எதிர்க்கரைக் கோரைப்புல்லைத் தொட்டு அசைத்தது. எபி அப்போதும் மேலே இருந்தான். சட்டை காற்றில் அடித்துக்கொண்டது. தலைமுடி மேல்நோக்கி நின்றது. முழுவேகத்தில் விழுகிறவனுடைய உடம்பு. ஆனால் அவன் பக்கத்தில் இருந்த பாறைக்கீறல் அவன் பக்கத்திலேயே இருந்தது. பிறகு ஏதோ பிடி விட்டதுபோல, விரிந்து ஓய்ந்த வட்டங்களின் நடுவில் போய் விழுந்தான்.

சல்மானின் முழங்கை பாறையில் உரசி எரிந்தது. தான் பின்னால் நகர்ந்திருப்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

எபி மேலே ஏறி வர நெடுநேரமாயிற்று. துண்டைக்கூட வாங்காமல் உட்கார்ந்தான்.

"பாத்தியா பாய்?"

"பாத்தேன்."

"எனக்கு மட்டுந்தான் அப்படித் தோணுதோன்னு நினைச்சேன். போன மாசத்துல இருந்தே இப்படித்தான் இருக்கு. குதிச்சா கீழ தண்ணி வரமாட்டேங்கு. காத்து முழுசா அடிக்கி, காது அடைக்கி, வயிறு மேல ஏறுது. விழுந்துகிட்டேதான் இருக்கேன். இன்னைக்கு முழு ஜெபமும் சொல்லி முடிச்சிட்டேன். ஆமென் சொன்ன பெறவுந்தான் தண்ணி வந்துச்சு."

"ஏம்லே முன்னமே சொல்லலை?"

"சொன்னா நீ என்ன செய்திருப்ப? கேமராவ மாத்தியிருப்ப."

அதில் பொய் இல்லை. இப்போதுகூடச் சல்மானின் பயத்துக்கு அடியில் இன்னொன்று புகைந்துகொண்டிருந்தது. கல் முன்னால் போவதும் ஆள் பின்னால் விழுவதும் இரண்டு கேமராவிலும் பதிவாகியிருந்தது. அதை ஏற்றினால் என்ன எழுதுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். 'கிராஃபிக்ஸ் சூப்பர்.' வாழ்நாளில் ஒருவனுக்குக் கிடைக்காத காட்சி கையில் இருக்கிறது, அதை நம்ப ஒரு ஆள் இல்லை. ஆத்திரத்தில் கண் கலங்கியது.

"லைவ் போடுவோம்," என்றான். "நேரடியா ஓடுறப்ப எடிட் பண்ணினேன்னு எவனும் சொல்ல முடியாதுல்லா."

எபி குவாரித் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தான்.

"ஒரே ஒரு தடவை எபி. அதோட இந்தப் பாறைக்கே வரவேண்டாம். நான் ஷமீம் மச்சான்கூடக் கல்யாணத்துக்கே போயிருதேன். இவ்வளவு நாள் உழைச்சது பொய்னு பேராகிப் போகணுமாலே?"

"பேருக்காக இல்ல பாய்," என்றான் எபி. "நாலு பேரு பாக்கட்டும். எனக்குப் புத்தி பேதலிக்கலைன்னு தெரிஞ்சா போதும். இன்னைக்கு நீயும் நானும்தான் பாத்தோம். நீ என் கூட்டாளி. நீ சொல்லுததை யாரு எடுப்பா?"

ஞாயிற்றுக்கிழமை, எபி காலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்தபிறகு, வெயில் சாய்கிற நேரத்துக்குக் கிளம்பினார்கள். கேமராவைக் கீழே இறக்குவதற்கு வைத்திருக்கும் நைலான் கயிற்றைச் சல்மான் பையில் போட்டுக்கொண்டான். எதற்கு என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. சேரன்மாதேவியைத் தாண்டியதும் வானம் மூட்டமாகியது. பிறகு மூட்டம் கலைந்து மேற்கே மலை மட்டும் கறுப்பாக நின்றது.

சிக்னல் கிடைத்தது. போனை ஸ்டாண்டில் மாட்டி, எபியும் பாறையும் தண்ணீரும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி வைத்தான். லைவ் தொடங்கியதும் வழக்கமான பெயர்கள் வந்தன. 'வந்துட்டான் ஸ்லோ மோஷன் பாய்.' 'இன்னைக்கு எத்தனை நிமிஷம் விழுவான்?' சல்மான் கேமராவின் முன்னால் வந்து நின்று, கட் இல்லை, எடிட் இல்லை, அவரவர் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். அவன் குரலே அவனுக்கு எரிச்சலாக இருந்தது. கெஞ்சுகிற குரல்.

எபி சிலுவையிட்டுக்கொள்கிற சபைக்காரன் இல்லை. ஆனாலும் நெஞ்சில் கை வைத்துக் கொஞ்சநேரம் நின்றான். திரும்பிச் சல்மானைப் பார்த்தான்.

"நீ விளிம்புலயே இரு என்ன. அங்கன இங்கன போயிராத."

"இங்கனயேதான் இருக்கேன்."

குதித்தான்.

சல்மான் படுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். எபி பாறையின் நடு உயரம் வரை சாதாரணமாகப் போனான். பிறகு போகவில்லை. உடம்பு போய்க்கொண்டிருந்தது, காற்றில் சட்டை கிழிந்துவிடுவதுபோல அடித்துக்கொண்டது, கன்னம் அதிர்ந்தது, கால்கள் தரையைத் தேடித் துழாவின. ஆனால் போன தடவை பார்த்த அதே கீறலின் அருகில் அவன் இருந்தான். சல்மான் மூச்சை அடக்கிக் காத்திருந்தான். இப்போது விழுவான். அடக்கிய மூச்சு தானாக வெளியே வந்தது. இப்போது.

காகம் ஒன்று எதிர்ப்பாறையிலிருந்து கிளம்பி, எபிக்கும் தண்ணீருக்கும் நடுவே பறந்து, இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தது.

"எபி."

"பாய்," என்று பதில் வந்தது. இரைகிற காற்றுக்கு மேலே கத்துகிற குரல். குவாரியில் காற்றே இல்லை. கருவேல இலை ஒன்றுகூட அசையவில்லை.

போனை எட்டிப் பார்த்தான். கமெண்ட்டுகள் பாய்ந்து ஏறிக்கொண்டிருந்தன. 'நெட் நின்னுட்டு.' 'ஃப்ரீஸ் ஆயிட்டு பாய், சரி பண்ணுங்க.' 'காகம் பறக்கு, இவன் மட்டும் நிக்கான், செம எடிட்.' சேனல் தொடங்கிய நாளிலிருந்து அவன் கனவு கண்ட கூட்டம் அது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "எடிட் இல்ல, இது எடிட் இல்ல, யாராவது பக்கத்துல இருந்தா வாங்க, தீயணைப்புக்குச் சொல்லுங்க," என்று கத்தினான். கைதட்டும் படங்கள் வந்தன.

ஷமீமுக்குப் போன் செய்யலாம் என்றால் போன் லைவில் இருந்தது. லைவை நிறுத்தினால் எபியைப் பார்க்க வேறு கண் இல்லை என்று ஏனோ தோன்றியது. நிறுத்தவில்லை.

கயிறு.

பழைய இயந்திரம் நின்ற இடத்தில் பாறையில் அடித்திருந்த இரும்புக் கம்பியில் ஒரு முனையைக் கட்டினான். இன்னொரு முனையில் தண்ணீர் பாட்டிலைக் கட்டி எறிந்தான். தவறியது. இழுத்து மறுபடி எறிந்தான். அடுத்ததில் எபியின் தோளில் பட்டது. எபி இரண்டு கையாலும் பற்றினான்.

கயிறு உயிர் வந்ததுபோலப் பாய்ந்தது.

சல்மானின் உள்ளங்கைகளை அறுத்துக்கொண்டு ஓடியது. தோல் கருகும் வாடை வந்தது. காலடியில் சுருளாகக் கிடந்த கயிறு சரசரவென்று விளிம்பைத் தாண்டிப் போயிற்று. எபி அங்கேயே இருந்தான். கையில் கயிறு இருந்தது. விளிம்பிலிருந்து அவன் கை வரை கயிறு விறைப்பாக, நேராக, தொய்வே இல்லாமல் இருந்தது. அவனுக்குக் கீழே கயிறு தொங்கவில்லை. தண்ணீரில் கயிறு இல்லை. ஆனால் போய்க்கொண்டே இருந்தது. சுருள் முழுவதும் போயிற்று. கம்பியில் முடிச்சு இறுகியது. கம்பி வளைந்தது. பாறையில் ஒரு துண்டு தெறித்தது. கம்பி, கயிறு, எல்லாம் விளிம்பைத் தாண்டிப் போயிற்று.

தண்ணீரில் சத்தம் கேட்கவில்லை.

ரத்தம் வழிகிற கையை ஊன்றிச் சல்மான் மறுபடியும் எட்டிப் பார்த்தான்.

எபி கீறலின் அருகில்தான் இருந்தான். ஆனால் சின்னப் பிள்ளை அளவுக்கு இருந்தான்.

முதலில் கண் கலங்கியதால் என்று நினைத்தான். துடைத்தான். ரத்தம் இமையில் ஒட்டியது. எபிக்கு மேலே கயிறு நூலாக நெளிந்துகொண்டிருந்தது. சட்டையின் நீலம் தெரிந்தது. முகம் இருந்தது. அதில் கண்கள் தெரியவில்லை.

"பாய். இருக்கியா?"

குரல் கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல வந்தது.

"இருக்கேன்லே. இங்கனயேதான் இருக்கேன்."

சல்மான் பேசி நிறுத்தினான். காத்திருந்தான். வெகுநேரம் கழித்துத்தான் பதில் வந்தது.

"தண்ணி தெரியுதா பாய்? எனக்குத் தெரியலை. இருட்டா இருக்கு."

தண்ணீர் அங்கேதான் இருந்தது. சாயங்கால வெளிச்சம் அதன்மேல் செம்பட்டையாகப் படிந்து கிடந்தது. எதிர்ப்பாறை தலைகீழாகத் தெரிந்தது. கோரைப்புல் தெரிந்தது. மிதக்கும் பிளாஸ்டிக் கவர் ஒன்று தெரிந்தது.

"தெரியுது," என்றான் சல்மான். "கிட்டதான் இருக்கு எபி. இப்ப வந்துரும்."

பின்னால் ஸ்டாண்டில் போன் டிங், டிங் என்று ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. அவன் திரும்பவில்லை. கண்ணை எடுத்தால் மறுபடி அவனைக் கண்டுபிடிக்க முடியாது. எபி இப்போது ஒரு விரல் அளவு இருந்தான். பிறகு விரல்நகம். கை கால் விரித்த ஒரு சின்னப் பூச்சிபோல, கீறலின் பக்கத்தில், வெறும் காற்றில்.

தும்பி ஒன்று தாழப் பறந்து வந்தது. எபிக்குக் கீழே தண்ணீரை வாலால் தொட்டு வட்டம் எழுப்பியது. மேலே எழுந்து எபியைக் கடந்து போனது. தும்பியைவிட எபி சின்னதாக இருந்தான்.

"பாய்," என்று எங்கிருந்தோ குரல் வந்தது. "தண்ணி தெரியுதா?"